ஒப்பீனியன் மேப்பிங்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

ஏஐ வச்சு மக்கள் கருத்தை "மேப்" பண்றாங்கன்னு இப்ப அடிக்கடி கேள்விப்படுறோம், தமிழ்ல எழுதும்போது பாதிப் பேர் இதை கருத்துக்கணிப்புன்னு போட்டுட்டுப் போயிடறாங்க. அது தப்புங்க. கருத்துக்கணிப்புன்னா ஒப்பீனியன் போல் (poll). போல்ங்கிற சொல்லுக்கு இங்கிலீஷ்ல பழைய அர்த்தமே தலை, அதாவது தலையை எண்றது, இத்தனை பேர் ஆமா இத்தனை பேர் இல்லை, அதோட முடிஞ்சுது. மேப்பிங்ல யார் யாரோட ஒத்துப்போறாங்க, எந்த இடத்துல பிரியறாங்க, அதான் தேடுறது.

மேப்ங்கிற சொல்லோட வேர் லத்தீன் "மாப்பா", துணின்னு அர்த்தம். இடைக்காலத்துல உலகப் படத்தை மாப்பா முண்டின்னு சொன்னாங்க, அப்படியே சொன்னா உலகத்துணி! நம்ம "படம்"ங்கிற சொல்லுக்கும் பழைய பொருள் துணிதான், பேகன் மயிலுக்குக் குடுத்தாரே படாம், அதுவும் இதே குடும்பம். துணியில எழுதின சித்திரம் படமாகி இப்ப தியேட்டர் வரைக்கும் வந்துடுச்சு.

சரி, வேலை எப்படி நடக்குது? போலிஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு (காவல்துறை இல்லீங்க, கிரேக்கத்துல நகர அரசுன்னு அர்த்தம், ஆனா போலீஸ்ங்கிற சொல்லும் அந்த வேர்லேர்ந்து வந்ததுதான்). அதுல யார் வேணா ஒரு சின்ன கருத்து எழுதலாம், மத்தவங்க ஒப்புக்குறேன், மறுக்குறேன், தெரியலன்னு மூணுல ஒண்ணை அமுக்கலாம், ஆனா பதில் எழுத முடியாது. அதனால சண்டை போட வழியே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். ஆள் ஒவ்வொருத்தரும் ஒரு குறுக்கு வரிசை, கருத்து ஒவ்வொண்ணும் ஒரு நெடுவரிசைன்னு பெரிய அட்டவணை உருவாகும், அதை புள்ளியியல் கணக்கால ரெண்டு பரிமாணத்துக்கு, அதாவது ஒரு தாள்ல வரையற அளவுக்குச் சுருக்கி, ஒரே மாதிரி ஓட்டு போட்டவங்களை பக்கத்துல பக்கத்துல வச்சா கூட்டம் கூட்டமா தெரியும். இந்த வேலையை சாட்பாட் செய்யலை, இது பழைய கணக்குதான், குவிஞ்ச கருத்தைச் சுருக்கி எழுதத்தான் பின்னாடி மொழி மாடல் (சாட்பாட்டை இயக்குற ஏஐ) வந்துச்சு. அந்தச் சுருக்கத்துல தனியா நிக்கிறவன் குரல் காணாமப் போகலாம்ங்கிறதால நான் அதை ஒரேயடியா நம்ப மாட்டேன்.

தைவான்ல 2015ல ஊபர் டாக்சியை எப்படி முறைப்படுத்தறதுங்கிற பிரச்சினைக்கு, மக்கள்கிட்ட ஆன்லைன்ல கருத்து கேக்குற வி-தைவான்ங்கிற முயற்சியில இதைத்தான் பயன்படுத்தினாங்க. ஆதரவு, எதிர்ப்புன்னு ரெண்டு கூட்டமா நின்னவங்க பயணிக்கு இன்ஷூரன்ஸ் வேணும்ங்கிற மாதிரி விஷயங்கள்ல ஒண்ணா வந்தாங்க. தலையை மட்டும் எண்ணியிருந்தா இது கண்ணுல பட்டிருக்காது. ஆனா மேப்ல இருக்கிறது வந்து ஓட்டு போட்டவங்க மட்டும்தான், அதை மொத்த ஜனத்தோட கருத்துன்னு சொல்லிடக் கூடாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கருத்துப்படம்னு வைக்கலாம்னா, அது பத்திரிகை கார்ட்டூனுக்குப் போயிடுச்சு. கருத்து வரைபடம்னா வாத்தியாருங்க கான்செப்ட் மேப்புக்குச் சொல்றாங்க. அதனால முன்னாடி "மக்கள்" சேர்த்து மக்கள் கருத்து வரைபடம்னே சொல்லிடலாம், செய்யுற வேலைக்கு வரைபடமாக்கம். எல்லாக் கூட்டமும் ஒப்புக்குற கருத்துக்கு மட்டும் "ஒருமித்த கருத்து"ன்னு போடாதீங்க, எல்லாரும் எல்லாத்துலயும் ஒத்துப்போன மாதிரி ஆயிடும், குழு கடந்த உடன்பாடுன்னா சரியா இருக்கும்.