என்ன கூட்டமுங்க?

போன வாரம் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலையில் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. தாத்தா பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ இருக்கிறது. அப்பா பெயரில் அது இல்லை, முன்னால் ஓர் எழுத்து மட்டும். மாப்பிள்ளைக்கு முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பி.இ. மூன்று வரியில் மூன்று தலைமுறை. ஓர் அரசியல் சிந்தனை ஒரு குடும்பத்துக்குள் இறங்கிய தடம் அந்த மூன்று வரியில் அப்படியே இருக்கிறது.

சிந்தனை எப்படி ‘நான் யார்’ என்பதற்குள் போய் உட்காருகிறது? முதலில் மனதின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும். ஹென்றி டஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் குடும்பத்தை இழந்தவர். மனிதர்கள் ‘நாம்’, ‘அவர்கள்’ என்று பிரிய குறைந்தபட்சம் என்ன தேவை என்பது அவருடைய கேள்வி. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்கு க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். “நீ க்ளே கூட்டம், நீ காண்டின்ஸ்கி கூட்டம்” என்று ஒவ்வொருவனிடமும் சொன்னார்கள். உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்திருந்தார்கள். தன் கூட்டத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பையன்களுக்குத் தெரியாது. பிறகு, பெயர் சொல்லாமல் எண்ணையும் கூட்டத்தையும் மட்டும் காட்டி, மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னார்கள். தனக்கு ஒரு காசும் வராது என்று தெரிந்தும் பெரும்பாலோர் தங்கள் கூட்டத்துக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது வேறு: எதிர்ப்பக்கத்தைவிட நம் பக்கம் மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, நம் பக்கத்துக்கு வரக்கூடிய தொகையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

சரி, கோடு போட மனம் எப்போதும் தயார். ஆனால் எங்கே போடுவது என்று அதற்குத் தெரியாது. அந்த இடத்தைக் காட்டுவதுதான் தத்துவமும் அரசியலும் செய்கிற வேலை.

1920, 30-களின் கொங்கு நாட்டில் இது ஒரே துணியை வைத்து நடந்தது. அப்போது திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர். ராட்டையில் நூற்ற நூல் ‘நாம் இந்தியர்’ என்ற கோட்டைப் போட்டது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன், இந்தப் பக்கம் நாம். சென்னிமலை நெசவாளர் வீட்டில் 1904-ல் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10-ம் தேதி திருப்பூர் ஊர்வலத்தில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் இறந்தார். தறிக்கு நடுவில் வளர்ந்தவருக்குத் துணியின் விலை தெரியாமல் இருக்காது. அந்த ஒரு முழத் துணிக்கு அவர் கொடுத்த விலையை எந்தச் சந்தையிலும் கணக்குப் போட முடியாது.

திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஈரோடு. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற ஈ.வெ.ராமசாமி அந்த ஊர்க்காரர். 1925 மே மாதம் ‘குடி அரசு’ வார இதழை ஈரோட்டிலிருந்து தொடங்கினார். அதே ஆண்டு காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைக்கான, அதாவது பதவிகளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு கேட்கும் தீர்மானம் எடுபடாமல் போக, காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவர் போட்ட கோடு ஊருக்குள்ளேயே ஓடியது: பிறப்பால் மேல் கீழ் என்பவர்கள் ஒரு பக்கம், சுயமரியாதை கேட்பவர்கள் மறுபக்கம். 1929-ல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. தேசம் என்பது அன்றாடம் நடக்கும் வாக்கெடுப்பு என்று பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882-ல் சொன்னார். பெயரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போதெல்லாம், ரேஷன் கார்டில் எழுதும்போதெல்லாம் அந்தத் தீர்மானம் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அது அரசியலாகவே தெரிவதில்லை, இயல்பு ஆகிவிடுகிறது. ஒரு சிந்தனை வேர்விட்டதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆனால் புதிய அடையாளம் பழையதைத் துடைத்துவிட்டு வருவதில்லை, அதன்மேல் படிகிறது. எந்த அடுக்கு விழித்துக்கொள்ளும் என்பது எதிரில் நிற்பவரைப் பொறுத்தது. திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் ஒடிசாத் தொழிலாளி முன்னால் நாம் தமிழர். சென்னையில் “ஏனுங்க” என்று வாய் திறந்ததுமே கோயமுத்தூர்க்காரர். பெண் பார்க்கப் போன வீட்டிலோ, காபி டம்ளர் கைக்கு வந்ததும் பெரியவர் கேட்பார்: “நீங்க என்ன கூட்டமுங்க?” கூட்டம் என்பது இங்கே கவுண்டர் சாதிக்குள் இருக்கும் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்தது. பெயரிலிருந்து பட்டம் போய்விட்டது. திண்ணையிலிருந்து சாதி போகவில்லை. இது எனக்கு வருத்தம்தான்.

பத்திரிகையில் இருக்கும் மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. சேர்ந்த முதல் நாள் படிவத்தில் குடும்பப் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றிருக்கிறார்கள். முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிட்டானாம். இப்போது ஆபீஸில் எல்லோரும் அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.