சொல் விளக்கம்: கொச்சுஜாங்

கொரியப் பாணியில் காரமான மாட்டுக் கொத்துக்கறி செய்யும் குறிப்பு எதை எடுத்தாலும், அதில் கொச்சுஜாங் என்ற பொருள் பெரும்பாலும் இருக்கும். பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், சர்க்கரை, வெங்காயத்தாள் எல்லாம் நமக்குப் பழகியவைதான். இந்த ஒன்றை மட்டும் தமிழில் எழுதுகிறவர்கள் 'மிளகாய் விழுது' என்றோ 'கொரியன் சில்லி சாஸ்' என்றோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அதை நம்பி வரமிளகாயை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் நல்ல காரக் கொத்துக்கறி கிடைக்கும். கொரியச் சுவை கிடைக்காது. பெயர்ப்பு தவறினால் சமையலும் தவறுகிறது என்பதால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லில் இரண்டு துண்டுகள். கொச்சு என்றால் மிளகாய். ஜாங் என்றால் சோயா அவரையை நொதிக்க வைத்துச் செய்யும் சாந்து அல்லது சாறு. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

கொச்சு என்பதன் பழைய வடிவம் கொச்சோ. சீன எழுத்து வழியாக வந்த சொல் இது என்பதே பரவலான விளக்கம். முன்பாதி கசப்பையும் நாக்கை உறுத்தும் கடுப்பையும் குறிக்கும். பின்பாதியான 'சோ', காரமுள்ள காய், விதை வகைகளுக்குப் பொதுப்பெயர். கொரிய மொழியில் மிளகுக்கு ஹுச்சு என்று பெயர். அதன் பின்பாதியும் இதே 'சோ'தான், பேச்சில் 'சு' ஆகிவிட்டது. ஹுச்சு மிளகு, கொச்சு மிளகாய். தமிழில் நாம் செய்ததும் இதுவேதான். மிளகைப் போலக் காரமான ஒரு காய் கடல் கடந்து வந்தபோது, மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி.

இதில் சுவையான சிக்கல் ஒன்றும் உண்டு. சே செஜின் என்ற அறிஞர் 1527இல் பிள்ளைகள் சீன எழுத்துப் படிக்க 'ஹுன்மோங் ஜாஹோ' என்ற நூலைத் தொகுத்தார். அதிலேயே கொச்சோ என்ற சொல் இருக்கிறது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொரியாவுக்கு அது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜப்பானியப் படையெடுப்பு நடந்த 1592 முதல் 1598 வரையிலான காலத்தையொட்டி வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆக, சொல் முந்தி, காய் பிந்தி. முன்பு வேறு காரப் பொருளுக்கு வழங்கிய பெயரைப் புதிய காய் எடுத்துக்கொண்டது. 1527இல் சொல் இருப்பதை வைத்துக்கொண்டு, மிளகாயே கொரியாவில் அதற்கு முன்பு இருந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் கொரியாவில் இருக்கிறார்கள். ஆனால் 1614இல் யி சு-குவாங் எழுதிய 'ஜிபோங் யுசோல்' நூல், இந்தக் காய் ஜப்பானிலிருந்து வந்ததால் மக்கள் இதை 'ஜப்பான் கடுகு' என்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. வந்த புதிதில் அதற்கு இன்னும் பெயர் படியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சரி, ஜாங்குக்கு வருவோம். இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கொரியச் சமையலில் ஜாங் ஒரு குடும்பம். கன்ஜாங் என்பது சோயா சாஸ். தொயென்ஜாங் என்பது கெட்டியான சோயா அவரைச் சாந்து. இந்த இரண்டோடு மிளகாய் வந்த பிறகு சேர்ந்த இளைய பிள்ளை கொச்சுஜாங். தொயென்ஜாங்கையும் கொச்சுஜாங்கையும் கலந்தால் இலையில் கறியை மடித்துச் சாப்பிடத் தொட்டுக்கொள்ளும் சம்ஜாங். எல்லாவற்றுக்கும் அடிப்படை மெஜு. சோயா அவரையை வேகவைத்து மசித்துக் கட்டிகளாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். வைக்கோலிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சையும் அதில் குடியேறும். கொச்சுஜாங்குக்கு இந்த மெஜுவைப் பொடித்து, மிளகாய்த்தூள், ஒட்டரிசி மாவு, முளைகட்டிய பார்லிப் பொடி, உப்பு ஆகியவற்றோடு கலந்து, மூச்சுவிடும் மண்ஜாடியில் அடைத்து, வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் வைப்பார்கள். பார்லி முளையில் உள்ள நொதிகள் அரிசி மாவை இனிப்பாக்கும். மெஜுவில் வளர்ந்தவை அவரையின் புரதத்தை உடைத்து, கறிச்சாறு போன்ற ஆழமான சுவையைத் தரும். இனிப்பு, உப்பு, காரம், அந்த ஆழம் நான்கும் ஒரே கரண்டியில் வருவது இப்படித்தான்.

இந்த ஜாங் கலை முழுவதையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கொச்சுஜாங்கில் மிளகாயைவிட ஜாங்கே முதன்மை என்று அடித்துச் சொல்ல ஒரு பழைய குறிப்பு உதவுகிறது. 1766இல் யு ஜுங்-இம் விரிவாக்கி எழுதிய 'ஜுங்போ சல்லிம் கியோங்ஜே' என்ற வேளாண், இல்லறக் கையேட்டில் இதன் செய்முறை வருகிறது. மெஜுப் பொடி ஒரு மல், ஒட்டரிசி மாவு ஒரு தோ, மிளகாய்த்தூள் மூன்று ஹோப். நல்ல சோயா சாறு விட்டுக் குழைத்து வெயிலில் வைக்கச் சொல்கிறது. ஒரு மல் என்பது பத்து தோ. ஒரு தோ என்பது பத்து ஹோப். கணக்குப் போட்டால் 100 பங்கு அவரைப் பொடிக்கு 10 பங்கு அரிசி, 3 பங்கு மிளகாய். அன்றைய கொச்சுஜாங் என்பது மிளகாய் வாசம் காட்டிய ஜாங், அவ்வளவுதான். இன்று கடையில் வாங்கும் சிவந்த சாந்தில் மிளகாய் எவ்வளவோ கூடிவிட்டது, இனிப்பும் கூடிவிட்டது. ஆனால் அடித்தளம் மாறவில்லை.

அந்தக் காலத்து அரசர் யோங்ஜோ கொச்சுஜாங் பிரியர். 1724இலிருந்து 1776 வரை ஆண்டவர், எண்பது வயதைத் தாண்டியவர். முதுமையில் உணவு ருசிக்காதபோது கொச்சுஜாங்கை விரும்பினார் என்பதை அரண்மனைச் செயலக நாட்குறிப்புகளே சொல்கின்றன. இன்றும் கொச்சுஜாங் என்றால் கொரியர்களுக்கு நினைவுக்கு வரும் ஊர், வட ஜொல்லா மாகாணத்துச் சுன்சாங். ஜோசொன் அரசை 1392இல் நிறுவிய யி சொங்-கியே அந்த வட்டாரத்துக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு குடியானவர் வீட்டில் இதைச் சாப்பிட்டு மயங்கினார் என்று ஒரு கதை உண்டு. மிளகாய் வருவதற்கு 200 ஆண்டுகளுக்கு முந்திய கதை அது. நடந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அவர் சாப்பிட்டது வேறு காரம் சேர்த்த ஜாங்காகத்தான் இருந்திருக்க முடியும்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? புழக்கத்தில் உள்ளவற்றை முதலில் பார்க்கலாம். 'மிளகாய் விழுது' அரைத்ததைச் சொல்கிறது, நொதித்ததைச் சொல்லவில்லை. 'மிளகாய்த் தொக்கு' என்றால் எண்ணெயில் வதங்கிச் சுண்டியது என்றுதான் நமக்குப் படும். 'சட்னி' வேண்டவே வேண்டாம். 'புளித்த மிளகாய் விழுது' கொஞ்சம் நெருங்கி வருகிறது. நம் வீட்டில் மாவு நொதிப்பதை 'புளித்துவிட்டது' என்றுதானே சொல்கிறோம். ஆனால் கொச்சுஜாங் புளிக்காது. இந்தப் பெயரைப் படித்தவர் புளிப்பை எதிர்பார்ப்பார், அல்லது தானே புளி சேர்த்துவிடுவார். 'நொதித்த மிளகாய்ச் சாந்து' பொருள் அளவில் சரி. பாடநூலுக்கும் பொட்டலத்தின் பின்பக்கத்துக்கும் அது பொருந்தும். அடுப்படியில் யாரும் 'நொதித்த' என்று பேசமாட்டார்கள் என்பதுதான் குறை.

என் பரிந்துரை: மிளகாய் ஊறுசாந்து.

ஊறுகாய் என்ற சொல்லின் அச்சிலேயே இதை வார்த்திருக்கிறேன். ஊறுகாய் ஒரு வினைத்தொகை: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். ஜாடியில் இருக்கும் கொச்சுஜாங்கும் அப்படித்தான். ஊறி முடிந்து கிடப்பதில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஜாங் 'செய்தேன்' என்பதற்குக் கொரியர்கள் இயல்பாகச் சொல்லும் வினை தம்குதா. அதற்கு அமிழ்த்துதல், ஊறப்போடுதல் என்று பொருள். கொரியர்களின் ஊறுகாயான கிம்ச்சிக்கும் அதே வினைதான். நாம் ஊறுகாய் 'போடுகிறோம்', அவர்கள் ஜாங் 'ஊறப்போடுகிறார்கள்'. தொயென்ஜாங்கை இதே முறையில் அவரை ஊறுசாந்து என்று சொல்லலாம். கன்ஜாங் நீர்மமானது; அதற்கு இந்தப் பெயர் ஒட்டாது, சோயா சாஸ் என்றே இருக்கட்டும். ஊறல் என்ற தனிச்சொல்லையும் யோசித்துப் பார்க்கலாம்தான், ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்டதும் சாராயப் பானை நினைவுக்கு வந்துவிடும்.

பெயர்ச்சொல்லாக அப்படியே எழுதுவதானால் கொச்சுஜாங் என்று முதலெழுத்தைக் குறிலாக எழுதுவதே ஒலிக்கு நெருக்கம். கோச்சு என்று நீட்ட வேண்டியதில்லை. சொல்லின் தொடக்கத்தில் கொரியக் ககரம் மெல்லிய வல்லினமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே நெகிழ்ந்தும் ஒலிக்கும், ஏறக்குறைய நம் ககரத்தைப் போலவே. ஆகவே இங்கே தமிழ் எழுத்துக்குச் சிரமமே இல்லை.

அப்புறம், கொத்துக்கறி. கைமா, கீமா என்பவை உருது வழி வந்தவை, தவறில்லை. ஆனால் கொத்துக்கறி என்ற நல்ல தமிழ்ச் சொல் இறைச்சிக் கடையில் உயிரோடு இருக்கும்போது அதையே எழுதலாம். கொத்துக்கறியும் கொச்சுஜாங்கும் சேர்வதை இன்றைய அவசரச் சமையல் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடக்கூடாது. கொரியாவில் யக்கொச்சுஜாங் என்ற பழைய பதார்த்தம் உண்டு. பொடியாகக் கொத்திய மாட்டிறைச்சியைக் கொச்சுஜாங்கோடும் தேனோடும் சேர்த்துச் சுண்டக் கிளறி, ஜாடியில் வைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்கள். 'யக்' என்றால் மருந்து. தேனை மருந்தாக மதித்ததால் தேன் சேர்ந்த பலகாரங்களுக்கெல்லாம் அந்த முன்னொட்டு வந்தது. அந்த யக்கொச்சுஜாங்கில் சாந்தைக் குறைத்துக் கறியைக் கூட்டினால் நம் இரவுச் சாப்பாடு தயார்.

நான்கு பேருக்கு அரை கிலோ மாட்டுக் கொத்துக்கறி. இரண்டு மேசைக்கரண்டி கொச்சுஜாங், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை அல்லது தேன், கால் கோப்பைத் தண்ணீர், இவற்றை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் கரைத்து வையுங்கள். அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கிக் கறியைப் பரப்பிப் போட்டு, உடனே கிளறாமல் விடுங்கள். நீர் விட்டு, அந்த நீர் வற்றி, அடி சிவந்து பொரியும் ஓசை வந்தபிறகு உடைத்துக் கிளறுங்கள். பொடியாக நறுக்கிய ஐந்தாறு பல் பூண்டும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கி, தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றுங்கள். தீயைக் குறைப்பது முக்கியம்: சாந்தில் சர்க்கரையும் மாவும் இருப்பதால் பெருந்தீயில் சட்டென்று கருகிக் கசந்துவிடும். கறியில் சாந்து ஒட்டிப் பளபளத்ததும் இறக்கி, வெங்காயத்தாளும் ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெயும் சேர்க்க வேண்டியதுதான். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசம் தூக்கலாக இருக்கும். அவர்கள் அதை 'சம்கிரும்' என்கிறார்கள். 'மெய்யான எண்ணெய்' என்று பொருள். நாம் நல்லெண்ணெய் என்கிறோம். நம் நல்லெண்ணெய் மட்டும்தான் இருக்கிறதென்றால், வறுத்துப் பொடித்த எள்ளைக் கொஞ்சம் மேலே தூவினால் அந்த வாசம் ஓரளவு வந்துவிடும்.

சூடான சோறு, வெள்ளரித் துண்டுகள், மேலே ஒரு பொரித்த முட்டை. இவ்வளவு போதும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் ஆலை வந்ததிலிருந்து சென்னையில் கொரியர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கான மளிகைக் கடைகளும் உண்டு. கொச்சுஜாங் டப்பா அங்கே கிடைக்கும். டப்பாவில் காரத்தின் அளவு ஐந்து படிகளில் குறித்திருப்பார்கள். நம் நாக்குக்கு நடுப்படியே சாதாரணமாகத்தான் இருக்கும். திறந்தபின் குளிர்பெட்டியில் வையுங்கள். கோதுமை, சோயா ஒவ்வாதவர்கள் பொருள்பட்டியலைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஜப்பானிய மிசோவில் இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் குழைத்துக்கொள்ளலாம். மிசோவும் சோயா அவரையில் ஊறிய சாந்துதான் என்பதால் சுவை பெருமளவு ஒத்துப்போகும். வெறும் மிளகாய் விழுதும் சர்க்கரையும் சேர்த்தால் ஒத்துப்போகாது.