ஒண்ணாம் பிரதி என்றால் நகல் இல்லை: எல்லைப்புறத்து அடிதடி வழக்கும் முன்ஜாமீனும்

உடுமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை அருகே குத்தகைக்குத் தக்காளி போட்டிருந்தார். வாய்க்கால் தண்ணீரில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு தகராறாகி, கைகலப்பில் முடிந்தது. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மலையாளத்தில் "நீங்கள்தான் ஒண்ணாம் பிரதி" என்றார்கள். இவர் ஆதார் அட்டையை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் நின்றார். மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் நம்மவர்கள் சிக்குவது இந்த மாதிரி இடங்களில்தான். பராதி என்றால் புகார், வகுப்பு என்றால் சட்டப் பிரிவு, முன்கூர் ஜாம்யம் என்றால் முன்ஜாமீன், அதாவது கைதுக்கு முன்பே வாங்கிவைக்கிற ஜாமீன். பேசினால் புரிகிற பலருக்கும் படிக்க வராது. காகிதங்களோ எல்லாம் மலையாளத்தில். படித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. வெற்றுத் தாளில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் இவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438) முன்ஜாமீன் பற்றியது. செஷன்ஸ் கோர்ட்டோ ஹைகோர்ட்டோதான் தர முடியும். சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிடைக்காது, பாலக்காடு போக வேண்டும். நேராக எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கே போய்விடலாம் என்று சிலர் இழுப்பார்கள். கேரளத்தில் அது பழக்கம்தான், ஆனால் 2025ல் உச்ச நீதிமன்றமே அது ஏன் என்று கேட்டிருக்கிறது. முதலில் செஷன்ஸ் போதும், செலவும் குறைவு.

இனி, பணம் வீணாகிற இடம். ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்குக் கைது வரும் என்ற நியாயமான பயம் இருந்தால்தான் முன்ஜாமீன். அக்கம்பக்கச் சண்டையில் முதலில் போடுகிற பிரிவுகள் பெரும்பாலும் ஜாமீனில் விடக்கூடியவை (இந்த எண்கள் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ளவை): சாதாரணக் காயம் 115(2), வழிமறிப்பு 126(2), கெட்ட வார்த்தை 296. இவை மட்டும் என்றால் முன்ஜாமீன் மனுவே செல்லாது. ஆள் ஜாமீனில் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும், அது உங்கள் உரிமை. இதைச் சொல்லாமல் ஃபீஸ் வாங்கி, மனுப் போட்டு, தள்ளுபடி உத்தரவைக் கையில் கொடுத்து அனுப்பிய கதைகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன.

ஆகவே எந்தப் பிரிவு என்று பார்க்க முதலில் எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) நகல். 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கேரள போலீசின் 'துண' தளத்தில் க்ரைம் நம்பரைப் போட்டுத் தேடலாம். அங்கே இல்லையென்றால் வழக்கு இல்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பெண்கள் மீதான பாலியல் குற்றம் போன்ற வழக்குகளை ஏற்ற மாட்டார்கள். வேலித் தகராறில் எதிர்வீட்டுப் பெண் "கையைப் பிடித்து இழுத்தான்" என்று சொன்னால் 74ஆம் பிரிவு வரும், அதில் ஜாமீன் கோர்ட்டில்தான். உண்மையில் இழுத்திருந்தால் வழக்கு நியாயம். அண்ணன் தம்பி சண்டைக்கு வீட்டுப் பெண்ணைப் புகார்தாரர் ஆக்கி இந்தப் பிரிவைச் சேர்ப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பிரிவு பிறகு மாறும் என்பதையும் மறக்காதீர்கள். கையில் மண்வெட்டியோ அரிவாளோ இருந்தது என்றால் 118(1). 3 ஆண்டு வரை தண்டனை, ஜாமீன் கோர்ட்டில்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 324 ஆக இருந்தபோது இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், பழைய நினைப்பில் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பல் உடைந்தாலோ எலும்பு முறிந்தாலோ கொடுங்காயம். கடும் வலியில் வேலை செய்ய முடியாமல் 15 நாள் கிடந்தாலும் கொடுங்காயம்தான். முன்பு 20 நாளாக இருந்தது. எதிராளி ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? உங்களுக்கும் அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், யார் எதால் அடித்தார் என்று சொல்லிப் பதிய வையுங்கள். நீங்கள் பதிலுக்குக் கொடுக்கிற கவுண்டர் கேஸுக்கு அந்த வூண்ட் சர்ட்டிஃபிகேட்தான் (காயச் சான்றிதழ்) உயிர். மூன்று நாள் கழித்துப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. நோட்டீஸ் கையில் வந்தால் அது பாதி நிம்மதி. ஆனால் நம்மவர்கள் அதைப் பார்த்ததும் ஓடுகிறார்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். குறித்த நாளில் போய், போனதற்கு அத்தாட்சியாக ஒரு குறிப்பாவது எழுதி வாங்குங்கள். 60 வயது தாண்டியவர் மீது 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கென்றால் டிஎஸ்பி அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது.

ஓடுகிற கதைக்கு வருவோம். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சி போய்விட்டால் கேரள போலீஸ் தொடாது என்று ஒரு நம்பிக்கை. இந்தியாவில் எங்கே இருந்தாலும் வந்து பிடிக்கலாம். கோயம்புத்தூர் கோர்ட்டிலேயே முன்ஜாமீன் வாங்கிவிடலாம் என்பதும் பாதிதான் சரி. 2023ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது இடைக்கால ஏற்பாட்டைத்தான்: தக்க காரணம் காட்டினால், வழக்கு இருக்கிற ஊர் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்கிற வரை சில நாள் பாதுகாப்பு. கடைசியில் பாலக்காட்டுக்குத்தான் வர வேண்டும்.

தக்காளித் தோட்டக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, மனுப் போட்டாச்சுன்னு குமாஸ்தா சொன்னாரு, இனித் தோட்டத்துக்குப் போலாமுங்களா?" போகக் கூடாது. மனுப் போட்டதால் மட்டும் பாதுகாப்பு இல்லை. அரசு வக்கீல் போலீஸ் ரிப்போர்ட் வாங்கித் தர நாள் ஆகும், ஒத்திவைப்பு வரும். "அதுவரை கைது செய்யக் கூடாது" என்று இடைக்கால உத்தரவு கேட்டீர்களா என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். நடுவில் கைதானால் அந்த மனு அத்தோடு சரி, பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சாதாரண ஜாமீன்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் 18ஆம் பிரிவு முன்ஜாமீனை அடைக்கிறது. புகாரை அப்படியே படித்தாலும் அந்தக் குற்றம் தெரியவில்லை என்றால் மட்டுமே கோர்ட் கதவைத் திறக்கும். சாதியைச் சொல்லித் திட்டிவிட்டு அதைச் சின்னச் சண்டை என்று யாராவது சொன்னால் எனக்கு அனுதாபம் இல்லை.

கிடைத்த பிறகும் ஓர் அலைச்சல் உண்டு. உத்தரவில் சொன்ன நாளுக்குள் விசாரணை அதிகாரி முன் ஆஜராக வேண்டும், வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களின் நில வரி ரசீது, இங்கே சொல்கிற 'கரம்' ரசீது, வேண்டும். பொள்ளாச்சியில் நிலம் இருக்கிற மச்சானைக் கூட்டிப்போனால் "வேற ஸ்டேட்" என்று தள்ளுவார்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1978ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் நம் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். வேறு மாநிலத்தில் மாட்டிக்கொள்கிற தமிழனைப் பற்றியும் அதில் கவலைப்பட்டிருக்கிறார். அந்தத் தீர்ப்பை வக்கீல் எடுத்துச் சொல்லட்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100க்கு போன் போடுங்கள். அது இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும்.