பிரேக்கில் சத்தமா? எண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கில் ஒளிந்திருக்கும் குறையெல்லாம் அந்த இறக்கத்தில் வெளியே வந்துவிடும். அப்புறம் பொள்ளாச்சியில் எங்களைப் போன்ற பட்டறைகளைத் தேடி வருவார்கள். போன வாரம் அப்படி வந்த ஒரு காரின் முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகிற கட்டைதான் பேடு. அதில் உள்பக்க பேடில் லைனிங், அதாவது உரசித் தேயும் பகுதி, என்று ஒன்றுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. நகம் மாட்டிக்கொள்ளும் ஆழத்துக்கு வட்ட வட்டமாகக் கோடுகள். பேடுகளைத் தாங்கி அழுத்தும் கேலிப்பர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

“ஒரு மாசமாவே சத்தம் வந்துட்டுத்தானுங்கண்ணா இருந்துச்சு. பிரேக் நல்லாத்தான் புடிச்சுதுங்க. துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சா சத்தம் நின்னுரும்னாங்க, அடிச்சுவுட்டேன்” என்றார் வண்டிக்காரர். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

இது ஒரு வண்டியோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஸ்ப்ரே, இன்ஜின் ஆயில், கிரீஸ் என்று ஆளுக்கொன்றை அடித்துக்கொண்டு தொடர்ந்து வருகிறார்கள்.

கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம், ஏனென்றால் அங்கே உரசல் வேண்டாம். பிரேக்கில் உரசல்தான் வேண்டும்! பேடு டிஸ்க்கைக் கவ்வி உரசுவதால்தான் வண்டி நிற்கிறது. அங்கே எண்ணெய் அடித்தால் சத்தம் குறையும், உண்மைதான். கூடவே பிடிப்பும் குறையும். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. பெட்ரோலில் கழுவினாலும், வெயிலில் காயவைத்தாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பழைய பிடிப்பு திரும்பாது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் பட்டிருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் இழுத்தால் பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

“பிடிக்குதே” என்பதையும் நம்பாதீர்கள். இரும்போடு இரும்பு உரசினாலும் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி நிற்கத்தான் செய்யும். தொடர் இறக்கத்தில் சூடேறிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். லைனிங் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் மட்டும் மிச்சமிருக்கும்போது அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சென்று கத்தும். அந்தக் கட்டத்தில் வந்தால் பேடு செலவோடு போய்விடும். கர்ர்ர் என்று அரைத்து, பெடலிலும் அந்த அதிர்வு தெரிந்தால் லைனிங் தீர்ந்துவிட்டது. இனி வண்டியை எடுக்காதீர்கள். மழையில் நின்ற வண்டி காலையில் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரத்துவிட்டு அடங்கினால் அது மேல்துரு, பயமில்லை. பிரேக் மிதிக்காமலேயே தகரம் உரசுகிற மாதிரி கேட்டால் டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டில் ஜல்லி மாட்டியிருக்கலாம், இல்லை தகடு வளைந்திருக்கலாம். வேகம் கூடக் கூட ஊஊ என்று இரைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

இன்னொன்று. வீல் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்து “பேடு இருக்கு” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் வெளிப்பேடுதான் தெரியும். கேலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ (pin) என்ற கம்பி சிக்கிக்கொண்டால் பல நேரம் உள்பேடுதான் முதலில் தீரும். நான் சொன்ன காரிலும் வெளிப்பேடில் பாதி லைனிங் மிச்சம் இருந்தது.

முன் டிஸ்க் பேடை வீட்டிலேயே மாற்ற முடியாதா என்று கேட்கிறார்கள். கை பழகியவர்கள் மாற்றலாம். ஆனால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ நுழைக்கவே கூடாது. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லையா? வேலையைத் தொடாதீர்கள். செங்கல் அடுக்குவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கழற்றிய கேலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் இருக்கட்டும். பேடு தேய்ந்ததால் இறங்கிய மட்டத்தை யாராவது டாப்-அப் செய்திருந்தால் இப்போது பொங்கி வழியும், பெயின்ட்டை அரித்துவிடும். கேலிப்பர் பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மட்டும் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பேடுகளை இடது, வலது இரண்டு சக்கரத்திலும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் பொதுவாகப் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்து இழைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று என்று சாவியைப் போட்டு நகர்த்திவிடாதீர்கள். முதலில் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்து மிதித்து விடுங்கள். இல்லையென்றால் முதல் மிதியிலேயே பெடல் அடிவரை போகும், எதிரில் இருப்பது வீட்டுச் சுவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். புது பேடு படிய 200, 300 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை அவசியமின்றி ஓங்கி மிதிக்காதீர்கள், அந்த வாரம் மலை ஏறவும் வேண்டாம்.

பின்சக்கர டிரம் பிரேக்கை மட்டும் தயவுசெய்து பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் மாட்டுவதில் ஒரு சின்னப் பிசகு போதும், சக்கரம் ஜாமாகும். எங்கே வேலை செய்தாலும் பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

பட்டறையில் கொடுத்தால் கழற்றிய பழைய பேடுகளைக் கையில் கேட்டு வாங்குங்கள். உள்பேடும் வெளிப்பேடும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மொட்டையாகவும் ஒன்று தடிமனாகவும் இருந்தால் “பின்னும் பிஸ்டனும் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் சக்கரத்தைத் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் மாட்டிய புது பேடும் அதேபோல ஒரு பக்கமாகத்தான் தேயும்.