ஊர்ச் சாலையைத் தின்னும் நான்காம் அடுக்கு

'பக்கத்து நான்குவழிச் சாலையில் இரவு பகலாக லாரி ஓடியும் ஒன்றும் ஆவதில்லை. எங்கள் ஊராட்சிச் சாலை மட்டும் இரண்டே மழையில் பல்லை இளிக்கிறதே, ஏன்?' என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். ஒப்பந்ததாரர் தாரைத் தின்றுவிட்டார் என்பது டீக்கடைத் தீர்ப்பு. சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் அளவு குறையாமல் போட்ட சாலையும் இப்படிப் போவதுண்டு.

முதலில் பணம். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய பட்ஜெட், எரிபொருள் செஸ், சுங்கக் கட்டணம் என்று பல வாய்க்கால்கள். கிராமங்களுக்கு 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். இப்போது பெரும்பாலான மாநிலங்களில் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்பு என்பதே அதன் தொடக்க அளவுகோல். அதாவது தலையை எண்ணித்தான் பணம் வந்தது. சாலையோ தலையை எண்ணுவதில்லை, வண்டிச் சக்கரங்களைத் தாங்கும் அச்சைத்தான் எண்ணுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே சாலை வளையங்கள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பாதைகள் உடைந்த விதத்திலிருந்து கிடைத்தது நான்காம் அடுக்கு விதி: அச்சின் சுமை இரு மடங்கானால் சேதம் இரு மடங்கல்ல, இரண்டை நான்கு முறை பெருக்கிய (2×2×2×2) 16 மடங்கு. வெறும் 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகும். ஒரு லாரி அச்சு செய்யும் சேதத்தைச் செய்ய, கார் அச்சு பத்தாயிரம் முறைக்கு மேல் போய்வர வேண்டும். ஊர்க்காரர்களின் பைக்கும் காரும் சாலையைக் கெடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சக்கரம் ஏறும்போது தார் அடுக்கு வளைகிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கனமான தார் அடுக்கில் விரிசல் அங்கே, கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கி மேலே வரும். கிராமச் சாலையில் பெரும்பாலும் மேலே இருப்பது 20 மி.மீ. தார்க் கம்பளம்தான். அது தண்ணீரைத் தடுக்குமே தவிரப் பாரம் தாங்காது. தாங்குவது கீழேயுள்ள ஜல்லியும் கிராவலும். அவை மெலிந்திருந்தால் அழுத்தம் நேரே அடிமண்ணுக்குப் போய், சக்கரத் தடத்தில் பள்ளம் விழும். அதில் தேங்கும் நீர் உள்ளே இறங்கினால் களிமண் தன் பலத்தை இழக்கும். அப்புறம் ஒரே மாதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலைப் பொறியாளர்கள் 8.16 டன் சுமையுள்ள அச்சை அளவுகோலாக வைத்து, அதை ஒரு நியம அச்சு என்கிறார்கள். சிறிய கிராமச் சாலை ஒன்றைப் பத்தாண்டுக்கு ஒரு லட்சம் நியம அச்சுகள் வரை தாங்குமாறு வடிவமைப்பது வழக்கம். 2018-இல் அச்சுச் சுமை வரம்பை உயர்த்திய பிறகு, பத்துச் சக்கர டிப்பர் 28.5 டன் வரை சட்டப்படியே போகலாம். அதன் அச்சுகளை நான்காம் அடுக்கு விதிப்படி கூட்டினால், அப்படி ஒரு நடை ஏறத்தாழ 5 நியம அச்சுக்குச் சமம். குவாரியிலிருந்து நாளுக்கு 40 நடை, வருடத்தில் 300 நாள் என்றால் 60,000. பத்தாண்டுச் சாலை இரண்டு வருடம்கூடத் தாங்காது. அந்த ஜல்லி பல நேரம் நான்குவழிச் சாலைக்குத்தான் போகிறது. சுங்கம் அங்கே வசூலாகிறது, சேதம் இங்கே.

வேடிக்கை என்னவென்றால், இதுபோன்ற அடுக்குக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. பத்து மடங்குப் போக்குவரத்தைத் தாங்கச் சாலைக்குப் பத்து மடங்கு தடிமன் வேண்டாம். இரண்டு மடங்குகூட வேண்டாம். ஆகவே குவாரிக்கு உரிமம் தரும்போதே அதன் பாதையைக் கனமாக்கும் செலவையும் உரிமத்தில் சேர்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. சாலை போட்ட ஒப்பந்ததாரரின் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபின் மாநிலத்தின் தலையில் விழும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

இருக்கிற சாலைக்கு மலிவான வைத்தியம் வடிகால்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓரத்தில் மேடாகிவிட்ட மண்ணையும் புல்லையும் வெட்டி, நீர் பக்கவாட்டில் வடிய வழிவிட வேண்டும். விரிசல்களைத் தார்க்குழம்பு ஊற்றி மூட வேண்டும். பள்ளம் விழுந்த பிறகு மேலே ஒரு தார்ப்பூச்சு பூசுவது வீண். கீழே ஈரமான ஜல்லியை வெட்டியெடுத்து, புதிதாக நிரப்பி இறுக்காமல் அந்தப் பூச்சு நிற்காது.