சேலத்து மாமூத்துக்கு ஏன் ரசிகர்கள் இல்லை?

ஏற்காடு போகிற வழியில் ரோட்டோரம் ஒரு வளைவு நிற்கிறது. பின்னால் இருந்த ஸ்டுடியோ போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். வெளியூர் நண்பர்கள் வந்தால் அங்கே வண்டியை நிறுத்திப் பெருமை அடித்துக்கொள்வது சேலத்துக்காரர்களின் வழக்கம். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இது, நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள், மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-ல் இவர்கள் எடுத்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் 1956-ல் இவர்கள் எடுத்தது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்போம். ஒரு படத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1952-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ அது. ராட் கேமரூன், சீசர் ரொமெரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் ஆட்களே நடித்தார்கள். காட்டு யானைகள் மிரண்டு ஊருக்குள் புகுகின்றன. எதைப் பார்த்து மிரண்டன என்பதுதான் கதை. மாமூத்தைப் பார்த்து! உடம்பெல்லாம் சடை தொங்க, பனியுகம் முடிந்தபின் அழிந்துபோன அந்த யானை இந்தியக் காட்டுக்குள் உயிரோடு திரிகிறதாம். படம் எடுக்க மாமூத்துக்கு எங்கே போவது? நம்மூர் யானைகள் மேல் முடியைப் போர்த்தி நடக்கவிட்டுவிட்டார்கள். சிரிக்கலாம், ஆனால் ஆள் தேர்வில் தப்பில்லை. மரபணுக் கணக்குப்படி, ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துதான் நெருங்கிய சொந்தம்.

இதைப் பார்த்தவர் என்று சேலத்தில் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஊர்ப் பெருமை இருக்கிறது, அபத்தம் இருக்கிறது, போதாததற்கு யானையும் இருக்கிறது. ஒரு படம் கல்ட்டு ஆவதற்கு, அதாவது ஒரு கூட்டம் விடாமல் பிடித்துவைத்துக் கொண்டாடுகிற படம் ஆவதற்கு, இன்னும் என்னதான் வேண்டும்?

முதலில், ஓடிய படம் வேறு, கல்ட்டு வேறு. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ வசூலில் கவிழ்ந்த படம். 2010 பொங்கலுக்கு ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தபோது நான் சேலத்தில்தான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் சோழர்கள் பேச ஆரம்பித்ததும் தியேட்டரே நெளிந்தது. ‘கூட்டம் வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துரலாம்’ என்று என் கையைப் பிடித்து இழுத்த நண்பன், பத்து வருஷம் கழித்து அதே படத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறான். கேட்டால், ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்கிறான். படம் அதே படம், ஒரு பிரேம் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது திரைக்கு இந்தப் பக்கம்தான்.

இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளிவந்த ஆய்வு. யாரும் கேள்விப்படாத 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் போட்டார்கள். 14,000 பேருக்கு மேல் வந்து கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும் தெரியும், மற்றவர் என்ன செய்தார் என்று தெரியாது. மீதிப் பேரை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள்.

சினிமா வியாபாரத்தில் ‘சேலம் ஏரியா’ என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்த்துத்தான். அப்படி ஒன்றுக்குப் பதில் எட்டு சேலம் ஏரியா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டிலும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே படங்கள். ஒன்றில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்றுக்குத் தெரியாது. முடிவு எட்டிலும் ஒன்றாக இருக்குமா? இருக்கவில்லை. தனியாகக் கேட்டவர்களிடம் 26-ஆம் இடம் வாங்கிய ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆம் இடம். ரொம்ப நல்ல பாட்டு அடியோடு விழுவதும், ரொம்ப மோசமான பாட்டு உச்சிக்குப் போவதும் அபூர்வம். நடுவில் இருந்த பெருங்கூட்டத்தின் தலையெழுத்தை, ஆரம்பத்தில் வந்த சிலரின் விருப்பம் தீர்மானித்தது. முதல் வாரத்தில் சுருண்ட படத்தைப் பல வருஷம் கழித்து வேறு ஒரு கூட்டம், வேறு ஒரு மனநிலையில் பார்க்கும்போது, உண்மையில் அது ஒன்பதாவது உலகத்தில் ரிலீஸ் ஆகிறது.

சரி, அந்த முதல் சிலர் எங்கிருந்து வருகிறார்கள்? கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல் இதற்கு ஒரு எளிய கணக்குச் சொன்னார். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல்படி உண்டு, அதாவது எத்தனை பேர் செய்தால் நானும் செய்வேன் என்ற எண். தியேட்டரில் எழுந்து விசிலடிக்க ஒருவருக்குப் பத்து பேர் துணை வேண்டும், இன்னொருவருக்கு ஒருத்தர் போதும். பூஜ்யம் உள்ளவர் யாரையும் பார்க்க மாட்டார், அவர்தான் தீக்குச்சி. நூறு பேரில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எல்லா எண்ணும் இருந்தால் நூறு பேரும் எழுந்துவிடுவார்கள். அதில் ‘ஒன்று’ எண்ணுக்காரர் அன்றைக்கு மட்டும் வரவில்லை என்று வையுங்கள். பூஜ்யக்காரர் தனியாக விசிலடித்துவிட்டு, நாலு பேர் முறைக்க, உட்கார்ந்துவிடுவார். கூட்டம் கிட்டத்தட்ட அதே கூட்டம். ஒரே ஒரு ஆள் மாறியதில் முடிவு தலைகீழ்.

நியூயார்க்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1975-ல் வந்து தோற்ற ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’வை 1976 ஏப்ரலிலிருந்து வேவர்லி தியேட்டரில் நடுராத்திரிக் காட்சியாகப் போட்டார்கள். மழையில் நாயகி தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற காட்சி. சாதுவான மழலையர் பள்ளி ஆசிரியர் ஒருவர், ‘ஒரு குடை வாங்க வக்கில்லையா உனக்கு’ என்ற தோரணையில் திரையைப் பார்த்துக் கத்தினாராம். அடுத்தடுத்த வாரங்களில் எதிர்வசனம் வளர்ந்து ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நாயகி செய்தித்தாளை எடுத்தால் பார்க்கிறவர்களும் தலையில் செய்தித்தாள் பிடிப்பார்கள். நமக்கு இது புதிதா என்ன? பழைய எம்.ஜி.ஆர். படத்தை நாலாவது தடவை ஓட்டும்போது, திரையில் வசனம் வருவதற்கு முன்பே பெஞ்சு டிக்கெட்டிலிருந்து வந்துவிடும். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார். அதில் நகைச்சுவையின் பங்கு எவ்வளவு, பக்கத்து சீட்டின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது. 1968-ல் ராபர்ட் சயான்ஸ் அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து மாதிரியான கோடுகள், முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றைக் காட்டிப் பார்த்தார். அதிக தடவை பார்த்ததை மக்கள் அதிகம் விரும்பினார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒரேயடியாகத் திணித்தால் சலித்துப்போகும், இடைவெளி விட்டு வந்தால் பிரியம் கூடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாதியிலிருந்து பார்த்த படங்களை நினைத்துப் பாருங்கள். ‘அன்பே சிவம்’ வளர்ந்தது அப்படித்தான். 1946-ல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் படமானதற்குப் பின்னால் ஒரு ஆபீஸ் மறதி இருக்கிறது. 1974-ல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்றதும் டிவிக்காரர்கள் வருஷா வருஷம் போட்டுத் தள்ளினார்கள். ரசனை பின்னாடியே வந்து சேர்ந்தது.

ஆனால் திரும்பத் திரும்ப டிவியில் வந்த எல்லாப் படமும் நாக்கில் ஒட்டுவதில்லையே. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. 2012-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் ஆங்கிலப் படங்களிலிருந்து, புகழ்பெற்ற ஒவ்வொரு வசனத்துக்கும் ஜோடியாக, அதே பாத்திரம் அதே காட்சியில் பேசிய, அதே அளவுள்ள ஒரு சாதா வசனத்தை எடுத்தார்கள். நடிகர், காட்சி, நீளம் எல்லாம் சமம், சொற்கள் மட்டும்தான் வேறு. படமே பார்க்காதவர்களிடம் கொடுத்து எது நினைவில் நிற்கும் என்று கேட்டால், பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு கணினியை வைத்து அலசியதில் தெரிந்தது இது: நிற்கிற வசனத்தின் இலக்கணம் வெகு சாதாரணம், சொற்சேர்க்கை எதிர்பாராதது. அதோடு, அது அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டிருக்காது. ‘அவன்’, ‘அவள்’ குறைவு, இறந்தகாலம் குறைவு.

‘தேவையில்லாத ஆணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வந்த ‘பிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு சொன்னது. இரண்டு சொல்லும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் தமிழில் யாராவது ஆணியையும் தேவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்களா? அதில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை, காலமும் இல்லை. அதனால் ஆபீஸ் மீட்டிங்கில் பொருந்துகிறது, கல்யாணப் பந்தியில் பொருந்துகிறது, போட்ட ரோட்டை மறுவாரமே தோண்டும்போது கனகச்சிதமாகப் பொருந்துகிறது. ‘நேத்து சாயங்காலம் அவர் கொண்டுவந்த ஆணி’ என்று இருந்திருந்தால் படத்தை விட்டு வெளியே வந்திருக்காது. 2019 மே மாதக் கடைசியில், அதே படத்தின் காண்டிராக்டர் நேசமணிக்குச் சுத்தியலால் அடிபட்டுவிட்டது என்று யாரோ முகநூலில் விளையாட்டாக எழுத, உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது. படம் வந்து 18 வருஷம் கழித்து! படத்தின் கதை என்ன என்று கேட்டால் பிரார்த்தித்தவர்களில் பாதிப் பேர் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

கதை மறந்தும் துண்டு நிற்பதுதான் விஷயமே. கல்ட் படம் என்றால் அதைப் பிய்த்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும் என்று இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ எழுதினார். சேலத்துக்காரனுக்கு இது சட்டென்று புரியும். தட்டு வடையை முழுசாகச் சட்னி வைத்து செட்டாகவும் சாப்பிடலாம், கையால் உடைத்துக் கலக்கி நொறுக்கலாகவும் சாப்பிடலாம். கச்சிதமாகச் செதுக்கிய படம் செட் மாதிரி. ஒழுங்கில்லாத, அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கிற படம்தான் நொறுக்கலுக்கு லாயக்கு.

கஷ்டப்பட்டுப் பார்த்ததும் ஒரு காரணம். ஒரு குழுவில் சேர்வதற்குச் சங்கடமான ஒரு சோதனையைத் தாண்டியவர்கள், அந்தக் குழு எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் அதை அதிகம் மெச்சுகிறார்கள் என்று 1959-ல் ஆரன்சனும் மில்ஸும் காட்டினார்கள். இவ்வளவு பட்டது வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. மூன்று மணி நேரம் நெளிந்த என் நண்பனின் ஸ்டேட்டஸில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். மோசமான படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவர்களுக்கு ரசனை மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் 2016-ல் வந்த ஓர் ஆய்வில் அவர்கள் சராசரியைவிட அதிகம் படித்தவர்கள், கலைப்படங்களையும் விடாமல் பார்ப்பவர்கள்.

இப்போது நம் மாமூத்துக்கு வருவோம். டிவியில் அது திரும்பத் திரும்ப வரவில்லை. நாக்கில் ஒட்டத் தமிழ் வசனம் எதுவும் நம்மிடம் புழக்கத்தில் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து கத்த ஒரு கூட்டமும் அமையவில்லை. பொருள் இருக்கிறது, நெருப்புதான் இல்லை. போன டிசம்பரில் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது இதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, இணையத்தில் தேடிப் பிடித்த பிரதியைச் சுவரில் ஓட்டினேன். ஐந்து பேர், எல்லாரும் ஸ்வெட்டருக்குள். ஒன்றேகால் மணி நேரப் படத்தில் மாமூத் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் மச்சான் தூங்கிவிட்டான், தம்பி போனை எடுத்துவிட்டான். சோதனை தோற்றது என்றே நினைத்தேன்.

கடைசியில் முடியோடு அந்த யானை வந்து நின்றது. அதுவரை வாயே திறக்காமல் கம்பளிக்குள் இருந்த சித்தப்பா, ‘பாவம்டா, அதுக்கு வேர்க்காது?’ என்றார்.

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். அந்த இடத்தை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது தடவை யானை வருவதற்கு முன்பே ஐந்து பேரும் சேர்ந்து, ‘வேர்க்காது?’ என்றோம்.

மே மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். மின்விசிறி சுற்றியும் மண்டபம் கொதிக்கிறது. வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். பின்வரிசையிலிருந்து சித்தப்பா மெதுவாக, ‘மாமூத்’ என்றார். நாங்கள் நாலு பேர் மட்டும் சிரித்தோம். முன்வரிசை திரும்பி முறைத்தது.

பக்கத்தில் இருந்த அத்தை, என்னடா சிரிப்பு என்று கேட்டார். படம் பார்த்தால்தான் புரியும் என்றேன்.

‘அப்ப எனக்கும் அனுப்பு’ என்றார்.