படகோட்டி விழுங்கும் மாத்திரைக்கு யார் பொறுப்பு?

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன பொங்கல் முடிந்து, பாய்மரப் படகுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் திருமங்கலத்துத் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். "அண்ணே, மூக்கடைப்பு, உடம்பெல்லாம் வலி. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க." ஊரில் எல்லாரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். இன்று ராத்திரி ரயில், நாளை மறுநாள் போட்டி என்பதைக் காசு எடுக்கும்போதுதான் சொன்னார். கவரில் போட்ட மாத்திரைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டேன். அதில் சூடோஎபெட்ரின் என்னும் மூக்கடைப்பு மருந்து இருந்தது. போட்டி நேரத்தில் எடுக்கும் சிறுநீரில் அது மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம்.

நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன் ஒலிம்பிக் போன பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் வீட்டாருக்கும் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

உலகப் பாய்மரப் படகு அமைப்பு, வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிகளையே பின்பற்றுகிறது. இந்தியாவில் பரிசோதிப்பது நாடா என்னும் தேசிய முகமை. அதற்கு 2022-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. இந்த விதிகளின் உயிர்நாடி ஒன்றுதான்: உடம்பில் தடை செய்த பொருள் இருந்தாலே மீறல். வேண்டுமென்று சாப்பிட்டாரா, தெரியாமல் சாப்பிட்டாரா என்ற கேள்வி தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். "டாக்டர் கொடுத்தார்", "கோச் சொன்னார்", "கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்" என்று சொன்னாலும் மீறல் மீறல்தான். தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு 4 ஆண்டுத் தடை வரை போகும். சாதாரண மருந்துகள் பலவற்றுக்கே 2 ஆண்டு வரலாம். பரிசோதனைக்கு மறுத்தாலும் 4 ஆண்டு வரை. என் கடை மறுநாளும் திறந்திருக்கும். அந்தத் தம்பியின் படகுதான் கரையில் கிடக்கும்.

படகோட்டிகள் கவனிக்க வேண்டிய மருந்துகள் சில உண்டு. காற்று பலமாக வீசும்போது படகு கவிழாமல் இருக்க உடம்பை வெளியே சாய்த்து மணிக்கணக்கில் தொங்குவார்கள். முழங்காலும் இடுப்பும் போய்விடும். வலிக்கு இங்கே சர்வசாதாரணமாகப் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் (இது தசை வளர்க்கும் வகை இல்லை, வீக்கம் குறைக்கும் வகை), எந்த இடத்தில் போட்டாலும், 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. இந்த வகையைச் சேர்ந்த ப்ரெட்னிசோலோன் மாத்திரை உடம்பை விட்டு வெளியேற 3 நாள் என்று வாடா கணக்கு வைத்திருக்கிறது. ட்ரையாம்சினோலோன் ஊசியைத் தசையில் போட்டால் 60 நாள். வலி மாத்திரை ட்ரமடால் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. சில வகைப் படகுகளில் குழுவின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு. எடை குறைக்க நீர் பிரியும் மாத்திரை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வகை மாத்திரையான ஃபுரோசமைட் எல்லா நாளும் தடை. பாராசிட்டமால், செட்டிரிசின் தடைப் பட்டியலில் இல்லை.

ஜிம்மில் விற்கும் பவுடர், ஊர் பேர் இல்லாத லேகியம் இரண்டிலும் எனக்குப் பயம் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் லேபிளில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மருந்து கட்டாயம் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. சிகிச்சைக்கான விலக்கு என்று பெயர். மருத்துவச் சான்றுகளோடு நாடாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; சர்வதேச நிலை வீரர் என்றால் உலக அமைப்புக்கு. போட்டிக்கு 30 நாள் முன்பே அனுப்புங்கள். விபத்து, அவசர சிகிச்சை என்றால் பிறகும் கேட்கலாம்.

பரிசோதனைப் பதிவுப் பட்டியலில் உள்ள முன்னணி வீரர்கள், தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். கோரிப்பாளையத்து வீட்டில் காலை 5 முதல் 6 வரை என்று எழுதிவிட்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்காலையிலேயே வைகைக் கரைக்குப் போய்விட்டால்? அந்த நேரத்தில் அதிகாரி பரிசோதனைக்கு வந்து வீட்டுக் கதவைத் தட்டினால் அது ஒரு தவறு. 12 மாதத்தில் இப்படி 3 தவறு சேர்ந்தால் ஊக்கமருந்து சாப்பிடாமலே தடை வரும். கிளம்பும் முன் நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பதியுங்கள்.

மாதிரி எடுக்கும்போது கோப்பையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். வெயிலில் கடலில் கிடந்து வந்தவர்களுக்கு இது நேரமெடுக்கும். மூடி திறக்காத பாட்டில் தண்ணீரையே குடியுங்கள். மாதிரியை ஏ, பி என இரண்டாகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். ஏ-யில் ஏதாவது வந்தால் பி-யையும் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அங்கே தரும் படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்தை எல்லாம் எழுதச் சொல்வார்கள். வெறுங்கவரில் வாங்கிய மஞ்சள் மாத்திரைக்கு என்ன பேர் எழுதுவீர்கள்? அதனால் என் கடையோ வேறு கடையோ, வந்ததும் "நான் போட்டியில் கலந்துகொள்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். மாத்திரையை அட்டையோடு, ரசீதோடு வாங்குங்கள். அட்டையில் உள்ள மருந்தின் பெயரை நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தண்ணீர் எடுங்கள்.